கால் சுற்று

எங்கள் வீட்டில் பாட்டில் மூடி எதுவாக இருந்தாலும் நான்தான் திறக்க வேண்டும். ஜாம் பாட்டிலோ இருமல் மருந்தோ, "என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். போய் ஒரு திருகு திருகிக் கொடுத்துவிட்டு வருவேன். "இரும்புக் கை உங்களுக்கு" என்பாள் என் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். மூடியை அவ்வளவு இறுக்கி மூடி வைப்பதும் நான்தான் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. எந்த வீட்டிலும் புருஷன் என்று ஒருவன் இருந்தால், இப்படி ஒரு சின்ன வேலையைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளத்தான் செய்வான். நீங்களும் வைத்திருப்பீர்கள் சார்.

நீங்கள் கேட்டது சிலிண்டர் வால்வைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். எனக்கு எதையும் முதலிலிருந்து சொல்லித்தான் பழக்கம். கடலுக்கடியில் மூச்சு விடச் சொல்லிக் கொடுக்கிற வேலை அப்படி. நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் அப்புறம் திருத்திச் சொல்ல எதிரே ஆளே இருக்காது. படகுத் துறையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் நான் மாஸ்டர்தான். காது போன பிறகும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மரியாதை என்று நினைக்காதீர்கள், பழக்கதோஷம்.

என் மனைவி ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். வாளித் தண்ணீரில் முகத்தை முக்கக்கூடப் பயப்படுவாள். கல்யாணமான புதிதில், என் தொழிலையாவது வந்து பாரேன் என்று அழைத்துப் போனேன். இங்கே தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும், மெல்லிய உடுப்பே போதும். இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுதாள். நான் அவசரப்படுத்தவில்லை. தினமும் ஒரு சாண், அடுத்த நாள் இன்னொரு சாண் என்று இறக்கினேன். முதல் தடவை பவளப்பாறையின் மேல் போய் நின்றபோது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கிளி மீன்கள் பவளத்தைக் கடித்து நொறுக்கும் சத்தம் கேட்கும் அங்கே, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கல்கண்டு கடிப்பதுபோல. அதைக் கேட்டுப் பயந்து இன்னும் நெருங்கி வந்தாள். அதைவிடச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இதை ஒளிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

சந்தோஷத்துக்கு ஒரு குணம் உண்டு, பழகிவிடும். அவளுக்குப் பயம் பழகிவிட்டது. சில மாதங்களில் கையை விட்டாள். பிறகு முன்னால் நீந்தத் தொடங்கினாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. தண்ணீருக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது சார். மனைவி முன்னால் போகிறாள், கோமாளி மீனைப் பார்க்கிறாள், தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறாள். பின்னால் ஒருவன் வருகிறான் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. நான் என்ன செய்ய முடியும்?

பழைய ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சிலிண்டர் வால்வை முழுக்கத் திறந்துவிட்டு, கடைசியில் கால் சுற்று பின்னால் திருப்பி வைப்பார்கள், இறுகிச் சிக்கிக்கொள்ளக் கூடாதென்று. அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் வால்வை மூடியிருப்பதாக நினைத்து எதிர்ப்பக்கம் முழுக்கத் திருகி, வழக்கப்படி கால் சுற்று திருப்பி வைத்தால், வால்வு கால் சுற்று மட்டும்தான் திறந்திருக்கும். படகில் உட்கார்ந்து இழுத்துப் பார்த்தால் மூச்சு சரளமாக வரும். அழுத்தம் காட்டும் முள்ளும் சிலிண்டர் நிறைந்திருப்பதாகவே சொல்லும். ஆழம் போகப் போகத்தான் ஒவ்வொரு மூச்சுக்கும் நிறையக் காற்று வேண்டும். அந்தச் சின்னச் சந்து வழியாக அவ்வளவு வராது. மூச்சை இழுக்கும்போது முள் விழும், விட்டதும் எழும். விஷயம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்தவுடன் கையைப் பின்னால் கொண்டுபோய் வால்வைத் திறந்துவிடுவார்கள். தெரியாதவர்களுக்கு யாரோ குரல்வளையைப் பிடிப்பது போல இருக்கும். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. இங்கேயும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நீங்கள் உடனே நம்பியதும் அதனால்தான்.

நான் என் மனைவிக்கு முதல் தடவை அதைச் செய்தது தண்ணீருக்குள் வைத்து. பின்னாலிருந்து போய் மெல்லத் திருகினேன். சில மூச்சுக்குள் அவள் திரும்பினாள். கண்ணாடிக்குள் அவள் கண்களைப் பார்த்தேன். என்னிடம் இருந்த உபரி மூச்சுக்குழாயை அவள் வாயில் கொடுத்தேன். அணைத்துப் பிடித்துக்கொண்டே வால்வைப் பழையபடி திறந்துவிட்டேன். மேலே வந்ததும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா நான் போயிருப்பேங்க" என்று அழுதாள். ஒரு மாதம் வரை என் கையை விடவில்லை.

அப்புறம் அவ்வப்போது செய்தேன். சில சமயம் வால்வு, சில சமயம் முகக் கண்ணாடியின் பட்டை. ஒரு தடவைகூட அவளுக்குக் கீறல் விழுந்ததில்லை. ஒரு கை தூரத்தில் நான் எப்போதும் இருந்தேன். உலகத்தில் எந்தப் பெண்ணையும் அப்படி யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கண்ணுக்குள் வைத்துத் தாங்கினேன் என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வது. நான் உண்மையிலேயே கண்ணை எடுக்காமல் இருந்தேன். உபகரணம் பழசு என்று முதலாளிமேல் பழியைப் போட்டாள் அவள். நானும் ஆமாம் போட்டேன்.

முள் ஆடுகிற விஷயத்தை என் மாணவர்கள் எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவேன். அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவள் தானாகவே ஒரு பயிற்சிப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"என்னங்க, வால்வு சரியா திறக்கலேன்னா முள் ஆடுமாமே?"

"ஆடும்."

"எனக்கு நடந்தப்பல்லாம் ஆடியிருக்குமோ?"

"பயத்துல நீ எங்க முள்ளைப் பாத்தே? என் மூஞ்சியத்தான் பாத்தே."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் வால்வைத் தொடவில்லை.

அப்புறம் என் காது போயிற்று. ஒரு சுற்றுலாக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடப் பார்த்தார். அவரைப் பிடிக்கப் போய் நான் ஏறி இறங்கியதில் வலது காதுச் சவ்வு கிழிந்து, உள்காதும் கெட்டுவிட்டது. காது டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. "இனிமே ஷவர்ல குளிக்கறதோட நிறுத்திக்குங்க மாஸ்டர்" என்றார். தலைசுற்றல் வேறு வந்து ஒட்டிக்கொண்டது. முதலாளி என்னைக் கைவிடவில்லை. படகிலேயே இருந்து சிலிண்டர்களைப் பூட்டி, திறந்து, சரிபார்த்துத் தரும் வேலையைக் கொடுத்தார். ஆட்களை உள்ளே அழைத்துப் போகும் வேலையை என் மனைவிக்குக் கொடுத்தார்.

படகில் உட்கார்ந்து குமிழிகளைப் பார்த்திருக்கிறீர்களா? கீழே மூச்சு விடுகிறவர்களின் காற்று மேலே வந்து உடையும். எது யாருடையது என்று தெரியாது. எனக்கு அவளுடையது தெரியும். சின்னதாக, நிதானமாக, விட்டுவிட்டு வரும். அவ்வளவு குறைவாக மூச்சு விடுகிற ஆளை நான் பார்த்ததில்லை. அந்தக் குமிழிகள் மெல்ல நகர்ந்து, பாறை செங்குத்தாக இறங்குகிற இடத்தைத் தாண்டிப் போகும். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். என்னைவிட அவள் நல்ல ஆள் ஆகிவிட்டாள். எல்லோரும் சொன்னார்கள். என்னிடமே வந்து, நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சொன்னார்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் அவள் மாற்றவில்லை. அவளுடைய சிலிண்டரை நான்தான் திறக்க வேண்டும். திறந்ததும் என் மோதிரத்தால் அதன்மேல் இரண்டு தட்டு தட்டுவேன். அந்தச் சத்தம் கேட்டால்தான் இறங்குவாள். தானாக ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அவள் பார்க்க மாட்டாள். "அவர் தட்டிட்டா நான் மறுபடி தொட மாட்டேன், அவருக்கு மனசு கஷ்டமாயிடும்" என்று மற்றவர்களிடம் சொல்வாள். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துச் சொல்வாள். இடது காது நன்றாகவே கேட்கிறது.

அந்த வாரம் முதலாளி வேறொரு தீவில் புதுக் கிளை திறப்பதாகச் சொன்னார். சீசன் முழுக்க என் மனைவி அங்கே போய்ப் பொறுப்பு எடுக்க வேண்டும். என் காதுக்கும் தலைசுற்றலுக்கும் மாதாமாதம் டாக்டரைப் பார்க்க வேண்டியிருப்பதால் நான் இங்கேயே இருக்க வேண்டும். எல்லாம் பேசி முடித்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னாள். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"சீசன் முடியற வரைக்கும்தானேங்க. தினமும் போன்ல பேசலாம்."

"நீ தனியா எப்படி இருப்பே?"

மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் இருந்துக்குவேன். நீங்க எப்படி இருப்பீங்கன்னுதான் யோசிக்கிறேன்."

அந்த நிமிஷம் கையாலாகாத ஒரு ஆத்திரம் வந்தது. கோபம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்று கையைப் பிசைகிறவனுக்கு வருமே, அது. அவளுக்கு ஒரு சின்னப் பயம் வந்தால் போதும் என்று தோன்றியது. பழைய பயத்தில் ஒரு துளி. வந்தால் தானாகவே, "என்னங்க, நான் போகல" என்பாள். அவளுக்குத்தான் முள்ளைப் பார்க்கத் தெரியுமே. கையைப் பின்னால் கொண்டுபோய் அவளே திறந்துகொள்வாள். ஒரு ஆபத்தும் இல்லை. கணக்குப் போட்டுத்தான் செய்தேன்.

மறுநாள் காலை அவளுடைய வால்வைக் கால் சுற்று மட்டும் திறந்தேன். இரண்டு தட்டு தட்டினேன்.

அன்றைக்குப் படகில் வந்த ஒரே விருந்தாளி கணக்கு டீச்சர். ஓய்வு பெற்ற பிறகு நீச்சலே கற்றுக்கொண்டவர். என்னைத் தம்பி என்பார். படகில் ஏறியதிலிருந்து ஒரே பேச்சு. "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னம்பாங்க. நான் ஆசைப்பட்டுப் போய் அந்த வெள்ளத்துக்குக் கீழ நிக்கப் போறேன், பாத்துக்குங்க தம்பி. என் மகளுக்குத் தெரியாது. தெரிஞ்சா வீட்டுல பூட்டி வச்சிருவா." படகோட்டி விழுந்து விழுந்து சிரித்தார். என் மனைவி அவருக்கு இடுப்புப் பட்டையைக் கட்டிவிட்டாள். இருவருக்கும் ஒரே உடல்வாகு. மெலிந்த, குள்ளமான உடம்பு.

பாறைக்கு மேலே நங்கூரம் போட்ட பிறகு டீச்சரின் முள்ளைப் பார்த்தால், சிலிண்டர் பாதிதான் இருந்தது. முந்தின நாள் உபயோகித்ததை யாரோ தவறி ஏற்றிவிட்டார்கள். என் மனைவி யோசிக்கவே இல்லை. "நீங்க என் செட்டைப் போட்டுக்குங்க டீச்சர், அது ஃபுல்லா இருக்கு. எனக்குப் பாதியே தாராளம்" என்று சொல்லி மாற்றிக்கொண்டாள். நான் முன்பக்கம் நங்கூரக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை முதல் விசாரணையில் சொல்லியிருக்கிறேன், நீங்களும் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

கீழே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்கும் தெரியும். செங்குத்துப் பாறை ஆரம்பிக்கிற இடம்வரை டீச்சர் நன்றாகத்தான் வந்தாராம். விசிறிபோல் விரிந்த ஒரு பவளத்தைக் காட்டினாளாம், டீச்சர் கைகூப்பினாராம். அதற்கும் கீழே போனபோது டீச்சரின் கண்கள் பெரிதாயின. இவள் முள்ளைப் பார்த்தாள். ஆடிக்கொண்டிருந்தது. உபரி மூச்சுக்குழாயைக் கொடுத்தாள், டீச்சர் தட்டிவிட்டார். வால்வை நோக்கிக் கை போவதற்குள் டீச்சர் இவளை உதறிவிட்டு மேலே பாய்ந்தார், வாயை இறுக மூடிக்கொண்டு. ஆழத்தில் இழுத்த காற்று மேலே வரவர விரியும். வாயைத் திறந்து விட்டுக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் நுரையீரல் தாங்காது. என் மனைவி அவருடைய காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள், நிறுத்த முடியவில்லை.

என் பக்கத்தில்தான் மேலே வந்தார் டீச்சர். படகில் தூக்கிப் போட்டோம். வாயில் ரத்தத்தோடு நுரை. என் மனைவி அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள், துறைக்கு வந்து சேரும்வரை. துறையில் இறக்கிய பிறகும் கையை எடுக்க மாட்டேன் என்றாள். படகோட்டிதான் பிரித்து விட்டார். "விடுங்கம்மா, முடிஞ்சு போச்சு." டீச்சருடைய மகள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தாள். யார் சொன்னார்களோ. கையில் வீட்டுச் சாவியோடு நின்றாள்.

அன்று மாலை சமையலறையில் என் மனைவி என்னை உட்கார வைத்தாள். கதவைச் சாத்தினாள். அவள் கண் வீங்கியிருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"வால்வு கால் சுத்துதான் திறந்திருந்துச்சுங்க. துறைக்கு வந்தப்பறம் பாத்தேன். உங்களுக்குக் காது வேற சரியில்ல, தலை சுத்துது. நான் போறேன்னு சொன்னதுல ராத்திரி தூங்கவும் இல்ல. கை தவறியிருக்கும். யானைக்கும் அடி சறுக்கும்."

நான் விரலில் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"விசாரிக்க வந்தா நான்தான் திறந்தேன்னு சொல்லப் போறேன். லீடர் நான். சரிபாக்க வேண்டியதும் நான். நீங்க வாயே திறக்கக் கூடாது. இந்த உடம்போட உங்கள உள்ள தள்ளினா நீங்க தாங்க மாட்டீங்க."

அப்படித்தான் அவள் உங்களிடம் சொன்னாள். நீங்களும் நம்பினீர்கள். நேற்று உங்கள் ஆள் வந்து, அலட்சியத்தால் உயிர்ச்சேதம், அவள்மேல் வழக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தீவுக்குப் போக வேண்டாம் என்று நான் இவ்வளவும் செய்தால், நீங்கள் சிறைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறீர்கள். இதற்கு நான் என்ன செய்வேன்? மனசாட்சி உறுத்தி வந்திருக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். உறுத்தத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. டீச்சர் தம்பி தம்பி என்று கூப்பிட்டது இந்த நல்ல காதில்தான். இருந்தாலும் உறுத்தலை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்.

வந்ததற்கு முழுசாகச் சொல்லிவிடுகிறேன். நங்கூரக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன் அல்லவா? கயிறு அதற்கு முன்பே கட்டி முடிந்திருந்தது. அவர்கள் செட்டை மாற்றிக்கொண்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். டீச்சருக்கு மார்புப் பட்டையை மாட்டிவிட்டதே நான்தான். அவர் விளிம்பில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வால்வு என் முகத்துக்கு நேரே இருந்தது. ஒரு ஜாம் பாட்டில் திறக்கிற நேரம் போதும்.

ஆனால் என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அங்கே வைத்துச் சுற்றிச் சுற்றித் திறந்தால், அது இவ்வளவு நேரம் மூடியிருந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் கெட்டிக்காரி. ஒன்று தெரிந்தால் பழைய நூலையெல்லாம் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவாள். முள் ஆடியிருக்குமோ என்று மறுபடியும் கேட்பாள். டீச்சருக்கு ஒன்றும் ஆகாது, பக்கத்தில் இவள் இருக்கிறாள், காப்பாற்றிவிடுவாள் என்று நினைத்தேன். காப்பாற்ற முடியாமல் திணறினால் முதலாளியே தீவுக்கு அனுப்ப மாட்டார் என்றும் நினைத்தேன். இரண்டையும் நினைத்தேன் சார், ஒளிக்கவில்லை.

அப்போது அவள் கேட்டாள். "என்னங்க, டீச்சரோடது திறந்திருக்குல்ல?"

நான் மோதிரத்தால் இரண்டு தட்டு தட்டினேன். டீச்சர் திரும்பி, "தேங்க்ஸ் தம்பி" என்றார்.

அவ்வளவுதான். கைதவறல் இல்லை. வேண்டுமென்று செய்தது. தெரிந்தே தட்டியது. நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, மெதுவாக எழுதிக்கொள்ளுங்கள், எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன். உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வண்டியை அவள்தான் ஓட்டிக்கொண்டு வந்தாள், எனக்குத் தலை சுற்றுகிறதே. உங்கள் மாடிப்படியிலும் முழங்கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றிவிட்டாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. வழக்கை அவள்மேல் இருந்து எடுத்துவிடுங்கள். ஆனால் அவளிடம் கை தவறிவிட்டது என்றே சொல்லுங்கள். உண்மை தெரிந்தால் அவள் என்னைப் பார்க்க வரமாட்டாள். பயந்த சுபாவம் சார் அவளுக்கு, ஒரு மூடியைக்கூடத் தானாகத் திறக்க வராது. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?